நாலு கள்ளநோட்டுக்கு ரசீது, ஒரு தோட்டாவுக்கு லாக்கப்பா?

மும்பைப் பேப்பர்களின் உள்பக்கத்தில் அவ்வப்போது ஒரு குட்டிச் செய்தி வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஊருக்குத் திரும்ப விமான நிலையம் வந்தார், பையை ஸ்கேன் செய்ததில் உள்ளே ஒரு தோட்டா, சஹார் போலீஸில் ஒப்படைப்பு, ஆயுதச் சட்டத்தில் வழக்கு. அவ்வளவுதான், நாலு வரி. அந்த ஆள் அப்புறம் என்ன ஆனார் என்று அதே பேப்பர் ஒரு நாளும் எழுதாது.

(பெரிய பதிவு. லஞ்ச் டைமில் படிப்பவர்கள் டப்பாவைக் காலி செய்துவிட்டு வரவும்.)

இதைப் பற்றி ஒரு பேங்க்காரன் ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். நான் படித்தது பி.காம்., வக்கீல் இல்லை. துப்பாக்கியை எங்கள் கிளை வாசலில் நிற்கும் காவலாளியின் தோளில் பார்த்ததோடு சரி. ஆனால் "வைத்திருக்கக் கூடாத பொருள் கையில் இருக்கிறது, ஆனால் அது இருப்பதே அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்கலாம்" என்கிற சிக்கல் எங்கள் கவுண்டருக்குப் பழகிய ஒன்று. கள்ளநோட்டைச் சொல்கிறேன்.

ஒருவர் வந்து 50,000 ரூபாய் கட்டுகிறார். எண்ணும் மெஷினில் கட்டைப் போட்டால் ஒரு 500 ரூபாய்த் தாளில் மெஷின் நின்றுவிடுகிறது. கேஷியர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், தடவிப் பார்க்கிறார். கள்ளநோட்டுதான். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நோட்டைத் திருப்பித் தரக் கூடாது. கிழித்துப் போடவும் கூடாது. கட்டியவர் கண்முன்னால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, பதிவேட்டில் ஏற்றி, அதற்கென்று உள்ள படிவத்தில் அவருக்கு ரசீது தர வேண்டும். அந்த 500 அவர் கணக்கில் வரவாகாது. ஒரே பரிவர்த்தனையில் நாலு தாள் வரைக்கும் இப்படித்தான். மாசக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து போலீஸுக்கு ஓர் அறிக்கை போகும். ஐந்து தாள், அதற்கு மேல் என்றால் எஃப்.ஐ.ஆர்.

கள்ளநோட்டு ஒன்றும் சில்லறைக் குற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே கையில் வைத்திருந்தால் 7 வருடம் வரை சிறை. தெரிந்தே புழக்கத்தில் விட்டால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். பழைய இ.பி.கோ.வில் 489-பி, 489-சி என்று இருந்தவை, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 179, 180 ஆகிவிட்டன. எண் மாறியது, சரக்கு மாறவில்லை. நாட்டின் பொருளாதாரத்துக்கே வைக்கப்படும் வேட்டு என்றுதான் எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட குற்றத்துக்கே ஏன் இந்த நாலு தாள் ஏற்பாடு? காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், வாடகை வாங்கிய வீட்டுக்காரர், இவர்கள் கைக்கு யாரோ தள்ளிவிட்ட ஒரு தாள் வரும் என்பது ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். அடித்தவன் வேறு, ஏமாந்தவன் வேறு. ஏமாந்தவனை எல்லாம் ஸ்டேஷனுக்கு அனுப்பினால் ஒரு பயலும் பேங்க் பக்கம் வர மாட்டான், நோட்டு ஊருக்குள்ளேயே சுற்றும்.

சட்டம் 'தெரிந்தே' என்கிறது. தெரியுமா தெரியாதா என்று முதல் பார்வையில் பிரித்துப் பார்க்கும் வேலையைக் கவுண்டரில் இருக்கும் கேஷியரை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். இது நடக்கிறது. தாராவியில் நடக்கிறது, மாட்டுங்காவில் நடக்கிறது. நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

இப்போது தோட்டாவுக்கு வருவோம்.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எத்தனை தோட்டா என்று கணக்கு இல்லை. ஒன்று இருந்தாலும் தோட்டாதான். 25(1பி) பிரிவில் தண்டனை முன்பு 1 வருடத்திலிருந்து 3 வருடம் வரை இருந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி 2 வருடத்திலிருந்து 5 வருடம் ஆக்கினார்கள். 'தடை செய்யப்பட்ட' ரகம் என்று முடிவானால் அது வேறு பிரிவு, 7 வருடத்தில் ஆரம்பித்து 14 வரை. கவனியுங்கள், இங்கே 'குறைந்தபட்சம்' என்று ஒன்று இருக்கிறது. நீதிபதி விசேஷக் காரணம் எழுதினால்தான் 25(1பி)-யில் அதற்குக் கீழே இறங்க முடியும்.

அப்படியானால் மறதிக்காரர்கள் எல்லாம் உள்ளே போக வேண்டியதுதானா? இல்லை. 'வைத்திருத்தல்' என்றால் தெரிந்து வைத்திருத்தல் என்றுதான் பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. 1994-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. அந்த வழக்கின் பெயர் தெரியுமா? சஞ்சய் தத் எதிர் அரசு. ஆமாம், நம்ம பாந்த்ரா சஞ்சய் தத்தேதான். அவருக்கு அந்த வாதம் கடைசியில் முழுதாகக் கைகொடுக்கவில்லை. ஆயுதச் சட்டத்தில் தண்டனை பெற்று, எரவாடா சிறையில் இருந்து 2016-ல் வெளியே வந்தார். ஆனால் அவர் பெயரில் உள்ள தீர்ப்பைக் காட்டி, பையில் ஒற்றைத் தோட்டாவோடு பிடிபட்ட எத்தனையோ பயணிகளின் வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இது ஒரு தனி ரகமாகவே ஆகிவிட்டது. துப்பாக்கி இல்லை, நோக்கம் இல்லை, இருந்ததே தெரியாது, ஆகவே வழக்கு ரத்து. சில வழக்குகளில் போலீஸ் நேரம் வீணானதற்கு ஒரு தொகை கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நல்ல விஷயம்தானே, எதற்கு இந்தப் புலம்பல் என்கிறீர்களா? அங்கேதான் என் கோபமே. முடிவு இதுதான் என்று 1972-லிருந்து எல்லோருக்கும் தெரியும். போலீஸுக்குத் தெரியும், அரசு வக்கீலுக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மறதிக்காரரையும் எஃப்.ஐ.ஆர்., அந்தேரி மாஜிஸ்திரேட் கோர்ட், ஜாமீன், கலினா தடயவியல் ஆய்வகத்தில் தோட்டாப் பரிசோதனை, குற்றப்பத்திரிகை, உயர் நீதிமன்றம் என்று முழுச் சுற்று சுற்ற வைத்துத்தான் விடுகிறோம். கவுண்டரில் பத்து நிமிடத்தில் முடிய வேண்டியதை ஹெட் ஆபீஸ் போர்டு மீட்டிங் வரைக்கும் கொண்டுபோவது மாதிரி.

இந்தச் சுற்றில் யார் பிழைக்கிறார்? உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடும் வக்கீலுக்குப் பணம் கட்ட முடிந்தவர் பிழைக்கிறார். மற்றவர், அதிலும் நம்மூர்ப் பயணி, கீழ்க் கோர்ட்டில் தேதி தேதியாக அலைகிறார். வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட் கோர்ட்டில். விசா முடிகிறது. ஊரில் வேலை போகிறது. மும்பையில் தெரிந்தவர் யாரும் கிடையாது, ஹோட்டல் வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. குற்றமற்றவர் என்ற தீர்ப்பு கைக்கு வரும்போது தண்டனையை ஏறக்குறைய அனுபவித்து முடித்திருப்பார்.

மாட்டுங்காவில் எங்கள் சனிக்கிழமைக் காபி செட் ஒன்று உண்டு. (ரெண்டாவது, நாலாவது சனி மட்டும். மற்ற சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஆணி உண்டு.) அங்கே இதைச் சொன்னதும் ரயில்வேயில் ரிட்டயர் ஆன மாமா ஒருவர் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்.

"என்ன ஓய், பேங்க் ஆபீசரா இருந்துண்டு இப்படிப் பேசறீர்? சட்டம்னா சட்டம்தான். அமெரிக்காக்காரன்னா விட்டுடணுமா? நம்மாத்துப் பையன் அவா ஊர்ல இப்படி மாட்டினா விடுவாளா?"

"அதைத்தான் மாமா நானும் கேக்கறேன். நம்மாத்துப் பையன் மாட்டினா நீங்க என்ன சொல்வீங்க?"

"பாவம், தெரியாம எடுத்துண்டு போயிட்டான்னுதான் சொல்வேன்."

நல்லவேளை, சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பிரச்சினை சிரிப்பு இல்லை. நமக்கு இரண்டு தராசு இருக்கிறது. நம்மவர் வெளியூரில் மாட்டினால் 'பாவம்'. வெளியூர்க்காரர் இங்கே மாட்டினால் 'தெரியாமல் எப்படி ஐயா பைக்குள் தோட்டா வரும்?'

கசகசாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம வீட்டுக் குருமாவில் போடும் அதே கசகசாதான். துபாயில் தடை, சவுதியில் தடை. சிங்கப்பூரிலும் போதைப்பொருள் தடுப்புத் துறையின் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸோடு விளைகிற கசகசாச் செடியிலிருந்துதான் அபினும் வருகிறது என்பதால் அவர்களுக்கு அது போதைப்பொருள் கணக்கு. இதில் மாட்டிக்கொண்டு வளைகுடாச் சிறையைப் பார்த்த இந்தியர்கள் உண்டு. தாராவி 90 அடி சாலைப் பக்கம் இருந்து எங்கள் கிளைக்கு வரும் ஒரு அம்மாவிடம், மகன் துபாய் போகிறான் என்று சொன்னபோது, மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா பாருங்கள் என்றேன். "குருமாவுக்குப் போடறது சார் அது, அதுக்கா புடிப்பாங்க?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திருநெல்வேலிக்காரம்மா, என்னிடமே மசாலா பற்றிப் பேச வந்துவிட்டாயா என்கிற பார்வை.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கசகசா கொண்டுபோகிறவருக்குப் பையில் கசகசா இருப்பது தெரியும், சட்டம்தான் தெரியாது. தோட்டாவை மறந்தவருக்குச் சட்டம் தெரியும், பையில் இருப்பதுதான் தெரியாது. "சட்டம் தெரியாது என்பது மன்னிப்பு ஆகாது" என்று மாமா அடித்துச் சொன்னாரே, அந்த வாக்கியம் குத்துவது கசகசாக்காரரைத்தான், தோட்டாக்காரரை இல்லை. நம்மவருக்காக உருகுகிற நாம், அவரைவிட வலுவான நியாயம் உள்ளவரைப் பார்த்து உறுமுகிறோம்.

சரி, தெரியாமல் எப்படித் தோட்டா வரும்? அமெரிக்காவில் கிராமப்புறங்களில் மான் வேட்டைக்குப் போவது நம்மூரில் கண்மாய்க்கு மீன் பிடிக்கப் போவது மாதிரி. வேட்டைக்கு எடுத்துப் போன பையையே அடுத்த மாதம் சுற்றுலாவுக்கும் எடுத்துப் போகிறார்கள். லைனிங் கிழிசலுக்குள் ஒன்று உருண்டு கிடக்கும். நம்மிடமே ராணுவத்தில் இருந்தவர் வீடு, துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடு, அண்ணன் பையை இரவல் வாங்கி வந்த தங்கை என்று எத்தனையோ வழி இருக்கிறது.

அது புறப்படும் ஊர் ஏர்போர்ட்டில் மாட்டாமல், திரும்பும்போது மட்டும் எப்படி மாட்டுகிறது? இதற்கு உலகமே பார்த்த பதில் ஒன்று இருக்கிறது. கரீபியன் பக்கத்தில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் என்று பிரிட்டனுக்குக் கீழ் உள்ள தீவுக்கூட்டம். விடுமுறைக்குப் போன அமெரிக்கர்கள் சிலர் 2024-ஐ ஒட்டி அடுத்தடுத்து அங்கே கைதானார்கள். ஓக்லஹோமாவிலிருந்து மனைவியோடு போன ஒருவரின் கைப்பையில் நாலு வேட்டைத் தோட்டா. பென்சில்வேனியாக்காரர் ஒருவரிடம் இருபது. எல்லாம் அமெரிக்க ஏர்போர்ட்டின் ஸ்கேனரைத் தாண்டி வந்தவை. போகும்போது அந்த மெஷின் பார்க்கவில்லை, வரும்போது இந்த மெஷின் பார்த்துவிட்டது. அந்தத் தீவுச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 12 வருடம். நாலு தோட்டாவுக்கு!

அமெரிக்க எம்.பி.க்கள் குழு ஒன்று 2024 மே மாதம் விமானம் ஏறிப் போய் அந்தத் தீவின் கவர்னரையே பார்த்தது. (கவர்னர் பெயர் டிலீனி டேனியல்-செல்வரத்தினம். செல்வரத்தினம் என்ற பெயரை அங்கே பார்த்து நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) முடிவில் அந்த இருவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, கூடவே அபராதம். ஒருவருக்கு 2,000 டாலர், இன்னொருவருக்கு 6,700 டாலர். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூன் மாதம் சட்டத்தையும் திருத்தினார்கள். விசேஷச் சூழ்நிலை என்று நீதிபதி கருதினால் சிறையும் அபராதமும் சேர்த்து என்பதற்குப் பதில் ஏதாவது ஒன்று போதும் என்று.

அந்தத் தீவுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு உள்ளே வந்து குவிகிற துப்பாக்கிகள் பெரிய தலைவலி. அதற்குப் போட்ட வலையில் இவர்கள் சிக்கினார்கள். என் கேள்வி வேறு. அமெரிக்கர் என்பதால் எம்.பி.க்கள் போனார்கள், டி.வி. போனது. நம்மவர் மாட்டினால் யார் போவார்?

மணிலா கதை இதைவிட மோசம். 2015-ல் அந்த ஊர் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளில் ஒற்றைத் தோட்டா 'கிடைக்க' ஆரம்பித்தது. செக்கிங் ஆட்களே போட்டுவிட்டுக் காசு கேட்கிறார்கள் என்று குற்றச்சாட்டு. 'தானிம் பாலா' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. நடுவதற்குத் தானிம், தோட்டாவுக்குப் பாலா. ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி ஒற்றைத் தோட்டாவால் விமானத்தை விட்டார், கைதானார், பிறகு வழக்கு நிற்கவில்லை. ஜனங்கள் பயந்துபோய்ப் பெட்டி முழுக்க பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்தார்கள். கண்டிப்பான சட்டம் பாதுகாப்பு தரும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு தோட்டா இருந்தாலே கைது என்றால், ஒரு தோட்டா விலையில் யாரையும் மிரட்டலாம். 2016-ல் டுடெர்டே ஆட்சி வந்ததும் அங்கே நடைமுறையை மாற்றினார்கள்: தோட்டாவைப் பறிமுதல் செய், விவரத்தை எழுதிக்கொள், ஆளை விமானம் ஏற விடு. மற்ற விஷயங்களில் டுடெர்டே என்ன ஆட்டம் ஆடினார் என்று எல்லோருக்கும் தெரியும். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் தெருவில் பிணமாக விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த மனுஷன் ஆட்சியிலேயே இதற்கு ஒரு நியாயம் பிறந்தது என்றால் நமக்கு என்ன கேடு?

நம்ம ஊரிலும் நல்லபடியாக நடந்த ஒன்று இருக்கிறது. 2024 ஜூனில் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸ் சென்னையிலிருந்து திருச்சி போக வந்தபோது கைப்பையில் 40 தோட்டா. அவரிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது. தேர்தல் சமயம் என்பதால் துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்திருந்தார், தோட்டா டப்பா பையில் இருந்தது தெரியாது என்றார். ஆவணங்களைப் பார்த்தார்கள், விசாரித்தார்கள், விமானத்தில் ஏற்றவில்லை, திருப்பி அனுப்பினார்கள். கைது இல்லை. இணையத்தில் அன்றைக்கு அவரை ஓட்டோ ஓட்டென்று ஓட்டினார்கள், "வி.ஐ.பி. என்றால் விடுவீர்களா" என்று. நான் அந்தக் கோஷ்டி இல்லை. அதிகாரிகள் செய்தது சரி. கேட்டார்கள், பார்த்தார்கள், முடிவெடுத்தார்கள். வேண்டியது அதேதான், எல்லோருக்கும். லைசென்ஸ் இருந்தது என்பது ஒரு வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கும் அவர் ஊரில் அந்தத் துப்பாக்கி சட்டபூர்வமானதுதான். அதை அவர் நிரூபிக்க மணிக்கணக்கில் ஆகுமே தவிர வருஷக்கணக்கில் ஆகாது.

வருஷக்கணக்கில் ஆனது எது என்றால், எங்கள் ஊர்க் கதை. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மத்திய சிறைச் சுவர் தெரு அடையாளம் மாதிரி. 2013 அக்டோபரில் அந்தச் சுவருக்குள் எஸ்தோனியாக்காரர்களும் பிரிட்டிஷ்காரர்களும் வந்தார்கள். 'சீமேன் கார்ட் ஓஹியோ' என்ற கப்பல். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம். அதைக் கடலோரக் காவல் படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. உள்ளே 35 பேர், 35 துப்பாக்கி, 5,680 தோட்டா. இது பையில் மறந்த சமாச்சாரம் இல்லை, தெரிந்தே வைத்திருந்த ஆயுதம். 35 துப்பாக்கியோடு ஒரு கப்பல் நம் கரைக்குப் பக்கத்தில் நின்றால் பிடித்து விசாரிக்காமல் இருக்க முடியாது, அதுவும் கடல் வழியாக வந்தவர்களிடம் மும்பை பட்ட பாட்டுக்குப் பிறகு. ஆகவே பிடித்தது தப்பு இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி கோர்ட் 5 வருடம் கடுங்காவல் கொடுத்தது. 2017 நவம்பரில் அதே மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நாலு வருடம்!

பிரிட்டிஷ்காரர்கள் ஆறு பேர். 'சென்னை ஆறு' என்று லண்டன் பேப்பர்கள் பெயர் வைத்து விடாமல் எழுதின, மனு கொடுத்தார்கள், பிரதமர் வரைக்கும் போனது. எஸ்தோனியாக்காரர்கள் பதினாலு பேருக்கும் அவர்கள் அரசாங்கம் பேசியது. உக்ரைன்காரர்கள் மூன்று பேர். மீதி 12 பேர் யார் தெரியுமா? இந்தியர்கள். அந்த 12 பேருக்கு நம் பேப்பர்களில் ஒரு பட்டப்பெயர்கூடக் கிடைக்கவில்லை. நாமும் கண்டுகொள்ளவில்லை, தேசப்பற்று பேசுகிற காபி செட் உட்பட.

இப்போது பாதுகாப்பு என்ற பெரிய வாதத்துக்கு வருகிறேன். மும்பையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பதை மறக்கவில்லை. 1993 மார்ச் 12-ஐ இந்த ஊர் மறக்காது. 2006 ஜூலை 11 அன்று வெஸ்டர்ன் லைனில் ஏழு குண்டுகள், மாட்டுங்கா ரோடு பக்கத்திலும் ஒன்று. 2008 நவம்பர் சொல்லவே வேண்டாம். ஸ்கேனரை எடுத்துவிடு என்று எவனும் சொல்லவில்லை. தோட்டா தெரிந்தால் பையைத் திற, ஆளை நிறுத்து, கேள்வி கேள், போனைப் பார், தூதரகத்தைக் கேள், தேவைப்பட்டால் அந்த விமானத்தை விடச் சொல். எல்லாம் சரி. ஆனால் இத்தனையும் செய்து, இவர் மறந்தவர்தான் என்று கேட்டவருக்கே தெளிவான பிறகும் லாக்கப்பில் வைக்கிறோமே, அந்த இரவில் நாட்டுக்கு என்ன கூடுதல் பாதுகாப்பு கிடைத்தது? அதிகாரிக்குக் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். நாளைக்கு 'ஏன் விட்டாய்' என்று யாரும் கேட்க முடியாது அல்லவா. எழுதப்படாத விதி இது. எந்த ஆபீஸிலும் உண்டு, எங்கள் ஆபீஸிலும் உண்டு: ஃபைலை மேலே தள்ளியவனுக்கு மெமோ வராது.

இத்தனைக்கும் புதுச் சட்டம்கூட அதிகம் தேவையில்லை. 7 வருடம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடக்கக் கூடாது, காரணம் எழுத வேண்டும், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 25(1பி)-யில் அதிகபட்சமே 5 வருடம். ஆயுதச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். 3-ஆம் பிரிவு மீறலுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்தவே முடியாது. கமிஷனர் உள்ள ஊரில் அந்த அதிகாரம் கமிஷனருக்கு. அதாவது மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகம் நினைத்தால், கலினா ரிப்போர்ட் வந்த கையோடு அனுமதி மறுத்து விஷயத்தை முடித்துவிடலாம். வடிகட்டி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அது வடிகட்டாமல் ரப்பர் ஸ்டாம்பாகிவிட்டதால்தான் உயர் நீதிமன்றம் சல்லடை பிடித்துக்கொண்டு நிற்கிறது.

புதிதாக வேண்டியது ஒன்றுதான், எங்கள் நாலு தாள் ஏற்பாடு மாதிரி எழுத்தில் ஒரு விதி. துப்பாக்கி இல்லாமல், கைவிரலில் எண்ணக்கூடிய தோட்டாக்களோடு, பழைய வழக்கு எதுவும் இல்லாமல், நம்பும்படியான விளக்கத்தோடு ஒருவர் இருந்தால்: பறிமுதல், கைரேகை, படம், வீடியோவில் வாக்குமூலம், கணிசமான அபராதம், அடுத்த விமானம். எண்ணிக்கை அதிகமா, ஏற்கெனவே ஒரு தடவை இப்படி மாட்டியவரா, கூடவே துப்பாக்கிப் பாகம் இருக்கிறதா, அப்போது எஃப்.ஐ.ஆர். அமெரிக்கருக்கும் இதுதான், ஐரோப்பியருக்கும் இதுதான், நம்ம கோவில்பட்டிக்காரருக்கும் இதுதான். மாதம் ஒருமுறை எல்லாப் பெயர்களையும் சேர்த்து மேலிடத்துக்கு ஓர் அறிக்கை. ஒரே பெயர் இரண்டு ஊரில் வந்தால் அப்போது தெரிந்துவிடும். இன்றைக்கு ஆளுக்கொரு கோர்ட்டில் சிதறிக் கிடக்கிற ஃபைல்களில் அதுகூடத் தெரியாது.

"அபராதம் கட்டிவிட்டுத் தீவிரவாதி தப்பித்துவிட்டால்?" என்று மாமா விடவில்லை. தீவிரவாதி தோட்டாவை நாலு செருப்புக்கும் ஒரு பல்பசைக்கும் நடுவில் போட்டுக்கொண்டு, நாட்டை விட்டு வெளியே போகும் விமானத்துக்கு வரிசையில் நிற்பானா மாமா என்றேன். "நீர் ரொம்பப் பேசறீர்" என்று காபிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார் :-) ஆனால் படி இறங்கும்போது உருப்படியான கேள்வி ஒன்றும் கேட்டார்: அந்த ரசீதில் பயணி கையெழுத்துப் போட மாட்டேன் என்றால்?

எங்கள் கவுண்டரிலும் அப்படி மறுப்பவர்கள் உண்டு. கையெழுத்து இல்லாமலேயே ரசீதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதற்கும் எழுதி வைத்திருக்கிறது.